பிசிக்ஸில் பெயிலான பிசிக்ஸ் சாருக்கு அம்மா எழுதுவது

மக்கா,

நீ பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். ஜிப் பாதியில் சிக்கி, நீ அதை இழுக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம், வாயைத் திறந்து சொன்னால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. நேரில் பேச உட்கார்ந்தால் இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா என்று நான் கேட்பேன், வேண்டாம் என்று நீ சொல்வாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. உன் அப்பாவும் இருந்தார், டிவியும் ஓடிற்று, யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

இதை ஊர் படிக்கிற கடிதமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டு, "பரீட்சைக் காலம் வருதில்லா, பங்கு மடலுக்கு வல்லதும் எழுதித் தாருங்க. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல இவ்வளவு வருசம் இருந்தவங்க, பிள்ளைகள அறிஞ்சவங்க நீங்க" என்றார். கோயில் இதழுக்கு ஏதாவது எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதிகாலையில் எழுந்து படியுங்கள், பதற்றப்படாதீர்கள், கடவுளை நம்புங்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. எழுத உட்கார்ந்தேன், ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. உனக்கு எழுதத் தொடங்கியதும் ஓடுகிறது. ஆகவே ஊரும் படிக்கட்டும். நம் வீட்டுக் கதையில் ஊருக்குத் தெரியாதது என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஆனால் யார் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. உன் பெயரும் இல்லை, அந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. பெயரைச் சொல்லிப் பட்டதெல்லாம் போதும். மடல் அச்சாகி வருவதற்குள் நீ வேலையை விடப் போகிற திங்கட்கிழமை போய்விடும் என்பதால், எழுதி முடித்ததும் முதலில் உன் மேசையில்தான் வைப்பேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ திருவட்டாறு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் சார். உன் வகுப்பில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண்பிள்ளை, ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள், நல்ல கெட்டிக்காரி. இந்த மாதம் செய்முறைத் தேர்வு நடந்தபோது அவளுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. கண்ணை ஒரு குழாயில் வைத்து வெளிச்சக் கோட்டைப் பார்த்து அளவு எடுக்கிற கருவி என்று நீ சொன்னாய். அவள் வகுப்பில் மற்றவர்களுக்கு அதைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள். அன்றைக்குத் தேர்வு நேரம் முழுக்கக் குழாயில் கண்ணை வைத்துக் குனிந்தபடியே நின்றிருக்கிறாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பிள்ளை கவனமாக அளவு எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நேரம் முடிந்து தாளை வாங்கினால் அதில் பதிவெண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அப்புறம் அவள் பள்ளிக்கு வரவில்லை. எழுத்துத் தேர்வுக்கும் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். நீ வந்து, வேலையை விடுகிறேன், கத்தாரில் மாமா பார்த்து வைத்திருக்கிற ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போகிறேன் என்றாய். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் ராஜினாமா கொடுக்கப் போகிறாய். பெட்டி கத்தாருக்குத்தான்.

நீ இதைச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது என்று உன் அப்பா பிறகு கேட்டார். ஒன்றும் தோன்றவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உண்மையைத்தான் சொன்னேன். ராத்திரி முழுக்க ஒரே பக்கம் படுத்து, எழுந்ததும் கை நம்முடையது மாதிரியே இருக்காதே, கிள்ளினாலும் யாரையோ கிள்ளுவது போல இருக்குமே, பல வருஷமாக என் மனசு அப்படித்தான் கிடக்கிறது. அது எந்த நாளில் மரத்துப்போயிற்று என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நாம் அதைப் பேசியது இல்லை.

சத்துணவுக் கூடத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். காலாண்டு, அரையாண்டுப் பரீட்சை நாட்களில் அறிவியல் அன்றைக்கு முட்டை மிஞ்சும். தமிழ்ப் பரீட்சை அன்றைக்கு மிஞ்சாது. முதலில் ஆயா முட்டையைச் சரியாக வேகவைக்கவில்லை என்று அவளைத்தான் சத்தம் போட்டேன். பிறகு கவனித்தேன், தட்டோடு வந்து நின்று, முட்டையை வாங்காமல் போகிறது யார் என்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். கடைசி பெஞ்சுக்காரன் வழக்கம்போல வந்து, "டீச்சர், மிஞ்சினா ஒண்ணு கூட தருவியளா?" என்று கேட்பான். முதல் மார்க் வாங்குகிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஏட்டி, ஏன் தின்னல்ல என்று கேட்டால், "வயித்துக்குள்ள என்னமோ உருளுது டீச்சர்" என்பாள். தமிழில் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கம் எதையாவது எழுதி ஒப்பேற்றலாம். அறிவியலில் ஒரு சூத்திரம் நழுவினால் அப்படியே நிற்க வேண்டியதுதான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. அதோடு, அறிவியலில் நிற்கிற பிள்ளைதான் புத்தியுள்ள பிள்ளை என்று நாமும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். தமிழில் மார்க் குறைந்தால் மார்க்தான் குறைகிறது. அறிவியலில் குறைந்தால் தனக்குப் புத்தியே இல்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. இவ்வளவும் கண்ட நான், உன் பரீட்சை நாளில் நீ தொடாமல் வைத்துவிட்டுப் போன புட்டை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

சின்னதில் உனக்கு அறிவியல் என்றால் பரீட்சை இல்லை. அது உனக்கு விளையாட்டு. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் நொறுக்கிப் போடுகிற இடத்தில் நின்று, ஐஸில் உப்பைக் கொட்டினால் ஏன் கை இன்னும் அதிகமாகக் குளிர்கிறது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தாய். அப்போது கத்தாரில் வேலையில் இருந்த அப்பா போன் பண்ணினால் அவரையும் கேட்டாய். அவர் அங்கே நாள் பூரா ஏசி கழற்றி மாட்டுகிறவர், குளிருக்கு அவர்தான் அதிகாரி என்று உனக்கு எண்ணம். "எனக்கு அறியாது மக்கா, நீ படிச்சு எனக்குச் சொல்லித் தா" என்றார். கொஞ்ச நாளில் எங்கேயோ படித்துவிட்டு வந்து, அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் ஐஸையும் உப்பையும் போட்டு என் விரலைப் பிடித்து உள்ளே விட்டு விளக்கினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீ சொன்ன விதம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இவன் டாக்டர் என்று. ஐஸுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது அப்போது என்னைக் கேட்டிருக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியட்டும் என்று நம் கரையின் வழக்கத்தைச் சொல்கிறேன். இங்கே கோயில் மைக்கில் சொல்லாத விஷயம் இல்லை. யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த வள்ளத்தின் வலை காணாமல் போயிற்று, குடிதண்ணீர் எப்போது வரும் எல்லாம் மைக்கில்தான். அரசுப் பரீட்சை நாட்களில் காலைப் பூசையை, எழுதப் போகிற பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுப்பார்கள். பொதுவாக, நம் பங்கு மாணவர்கள் அனைவருக்காகவும் என்றுதான் வாசிப்பார்கள். உன் பிசிக்ஸ் பரீட்சை அன்றைக்கு உனக்காக மட்டும் ஜெபிக்கச் சொல்லி நான் தனியாகக் கருத்துக் கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் நீ என்னிடம் வந்து, "அம்மா, மைக்குல சொல்லாண்டாம்" என்றாய். "நாலு பேரு ஜெபிச்சா நல்லதுதான மக்கா" என்றேன். காலையில் உன் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், என்ன பரீட்சை, அதில் நல்ல மதிப்பெண் எடுத்து இந்தக் கரையிலிருந்து ஒரு மருத்துவராக வேண்டும் என்பது வரைக்கும் மைக்கில் வந்தது. கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

நீ பஸ் ஏறப் போன வழியில் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தி உன் நெற்றியில் சிலுவை போட்டார்கள். மீன் கூடையோடு நின்றிருந்த அக்கா ஒருத்தி, "லே மக்கா, நீ டாக்டரு ஆனா எனக்க முட்டுவலிக்கு நீதான் ஊசி போடணும், கேட்டியா?" என்றாள். டீக்கடைக்காரர் பேனா கொடுத்தார். யாரும் கெட்டது செய்யவில்லை. எல்லோரும் மனசார வாழ்த்தினார்கள். அதுதான் உன்னை மூழ்கடித்தது. ஒரே ஒரு ஆள் வாழ்த்தாமல் விட்டிருந்தால்கூட நீ மூச்சு விட்டிருப்பாய்.

சாயங்காலம் நீ வந்தாய். "நல்லாட்டு எழுதினியா மக்கா?" என்றேன். "நல்லாட்டு எழுதினேன்" என்றாய். உன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை, சாமியாரைப் பார்க்கப் போகிற அவசரம். அடுத்த ஞாயிறே நன்றிப் பூசைக்குச் சொன்னேன். ரிசல்ட் வராமல் நன்றிப் பூசை வைத்த தாய் இந்தக் கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன். சாமியார்கூட, "கொஞ்சம் பொறுக்கலாமே" என்றார். விசுவாசம் உள்ளவர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று அவருக்கே நான் மறைக்கல்வி நடத்தினேன். பூசை முடிந்து வாசலில் நின்று கடலைமிட்டாய் கொடுத்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றது நீ. எல்லோரும் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீ ஒன்றும் எழுதவில்லை என்பது அந்த வாசலில் உனக்கு மட்டும் தெரியும். எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராமல் போவது பரீட்சையை நினைத்து அல்ல, தட்டைப் பிடித்து நின்ற உன் கையை நினைத்துத்தான்.

ரிசல்ட் வந்த நேரத்தில் நான் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ போனோடு வந்து, "அம்மா, பிசிக்ஸ் போச்சு. ஒண்ணும் எழுதல்ல" என்றாய். நான் தலையைத் தூக்கவில்லை. மிச்சச் சாளையையும் வெட்டி, கழுவி, மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தேன். குழம்பு நன்றாகத்தான் வந்தது. ஊர் வந்தது. துக்கத்துக்கு வருகிற மாதிரி வந்து, குரலைத் தாழ்த்திப் பேசி, கட்டன் சாயா குடித்துவிட்டுப் போயிற்று. நான் அழவில்லை, உன்னைத் திட்டவில்லை, உன்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைக்கவும் இல்லை. திட்டியிருந்தால்கூட உனக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா போன் பண்ணினார். எப்போது கூப்பிட்டாலும் "படிச்சியா மக்கா?" என்று தொடங்குகிறவர், அன்றைக்கு, "வல்லதும் தின்னியா மக்கா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் நீ அழுதாய். நான் வாசலைப் பெருக்கப் போனேன்.

துணைத் தேர்வை நாம் எப்படி நடத்தினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தடவை மைக்கும் இல்லை, ஊரும் இல்லை. நீ மார்த்தாண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போகிறாய், கேட்கிறவர்களிடம் நான், "கூட்டுக்காரனுவகூட திற்பரப்பு அருவியில குளிக்கப் போறான்" என்று சொன்னேன். உன் பையில் மேலே ஒரு துண்டும் எண்ணெய்க் குப்பியும் வைத்தேன், அடியில் ஹால் டிக்கெட். "பெயிலான பயலுக்கு இப்ப குளியல் ஒரு கேடா?" என்று அடுத்த வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். நீ பரீட்சை எழுதிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, துண்டால் துவட்டியபடி ஊருக்குள் வந்தாயே, அதை மட்டும் நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. அது உன் சொந்த மூளை. நீ பாஸானாய், நல்ல மார்க்கோடு. நான் சரி என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. நீ பிசிக்ஸில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, சாராகப் போனபோதும் எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள், நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று புத்திக்குத் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தத் துண்டும் எண்ணெய்க் குப்பியும் உனக்கு உதவின, மறுக்கவில்லை. ஆனால் ஒளித்து வைப்பதுதான் மருந்து என்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். கல்லூரியில் உன்னுடன் படித்தவர்களுக்கு நீ ஒரு தடவை பெயிலானது தெரியாது. உன் பள்ளிக்கூடத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. உன் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்கு நீ எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் சொல்கிற சார். ராத்திரி சாப்பிடும்போதும் போனில் சந்தேகம் கேட்பார்கள், நீ சோற்றுக் கையோடு சொல்லிக்கொண்டிருப்பாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் உன்னைப் பார்த்து என்ன நினைக்கும்? பிசிக்ஸ் என்பது பிறக்கும்போதே வந்தவர்களுக்கு உள்ளது, சாருக்கு அது வந்திருக்கிறது, நமக்கு வந்திருக்கிறதா என்று பரீட்சையில் தெரிந்துவிடும் என்று நினைக்கும். முட்டை வாங்காமல் போன பிள்ளைகளும் அதைத்தான் நினைத்திருக்கும்.

செய்முறைத் தேர்வு முடிந்த அன்றைக்கு நீ ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். என்ன மக்கா என்றேன். "நானும் மைக்கு வச்சிட்டேன் அம்மா" என்றாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். காலை வணக்கக் கூட்டத்தில் அவளைப் பெயர் சொல்லி முன்னே நிறுத்தியது நீ. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டு, நம் பள்ளியின் நம்பிக்கை என்று எழுதியது நீ. தேர்வு நடந்த காலையில், வந்திருந்த தேர்வாளரிடமே, இந்தப் பிள்ளையைக் கவனியுங்கள், இவள்தான் எங்கள் ஸ்டார் என்று அவள் காதுபடச் சொன்னதும் நீதான். எல்லாம் நல்ல மனசோடுதான் செய்தாய். நீ வாழ்த்தியதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. பட்ட நீயே செய்திருக்கிறாயே என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. போய்ச் சோறு எடுத்து வைத்தேன்.

இனி சொல்லப் போவதற்கு நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள், பரவாயில்லை. நேற்று சனிக்கிழமை கருங்கலில் தைக்கக் கொடுத்ததை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, நான் கருங்கலுக்குப் போகவில்லை. மார்த்தாண்டம் போய், அங்கிருந்து திருவட்டாறு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்து, அந்தப் பிள்ளையின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே ஒரு ஓட்டு வீடு, முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாருக்க அம்மையாக்கும் என்று நான் சொன்னதும் அவள் கண் நிறைந்துவிட்டது. "ஒண்ணும் தின்ன மாட்டா, ஒண்ணும் பறைய மாட்டா. பொஸ்தகத்தக் கண்டா மொகத்தத் திருப்புகா. அவ அப்பாவும் சொல்லிப் பாத்தாச்சு. நீங்க வல்லதும் சொல்லுங்க" என்றாள்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தைரியமாக இரு, உன்னால் முடியும் என்று சொல்லலாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளை அந்தக் கட்டிலில் கிடக்கிறது. அவள் அம்மா கொண்டுவந்த சாயா ஆறிக்கொண்டிருந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. "ஒங்க சாரு பிளஸ் டூவுல பிசிக்ஸ் பெயிலாக்கும்" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தபடியே, "எந்த சாரு?" என்றாள்.

"ஒங்க பிசிக்ஸ் சாரு. எனக்க மவன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நெசமாட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன், மக்கா. மைக், நெற்றியில் போட்ட சிலுவைகள், வெறும் தாள், நன்றிப் பூசை, கடலைமிட்டாய்த் தட்டு எல்லாம். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். நீ குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னபோது சிரிப்பு வந்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா கதவுப் பக்கம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கடைசியில் அந்தப் பிள்ளை மெதுவாக, "சாருக்கு எங்கிட்ட கோவமா?" என்று கேட்டாள். "ஒன் மேல என்னத்துக்குக் கோவம்? அவனுக்குக் கோவம் அவன் மேலயாக்கும். வேலைய விட்டுட்டு கத்தாருக்குப் போறேன்னு நிக்கான்" என்றேன். அவளுக்கு அது தெரியாது. அவள் முகம் மாறிப்போயிற்று. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன்.

நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தாள். "மொதக் கேள்வி என்னதுன்னு சாரு சொன்னாரா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "அன்னைக்கு பேப்பரத் தொறந்ததும் மொதல்ல என்ன இருந்திச்சு? சாருக்கு அறியாத கேள்வியா, அறிஞ்ச கேள்வியா? எனக்கு எல்லாம் அறிஞ்சதாக்கும். அறிஞ்சும் ஒண்ணும் வரல்ல. சாருக்கும் அப்பிடித்தானா?"

எனக்குத் தெரியாது, மக்கா. நீ எத்தனை மார்க்கில் போனாய் என்று தெரியும், யார் யார் வந்து என்ன சொன்னார்கள் என்று தெரியும், அன்றைக்கு என்ன குழம்பு என்றுகூடத் தெரியும். அந்த ஹாலுக்குள் உனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் உன்னிடம் கேட்கவில்லை. பிசிக்ஸ் எனக்குப் புரியாது என்பது காரணம் இல்லை. ஐஸும் உப்பும்கூடப் புரியவில்லைதான், ஆனால் அன்றைக்கு நீ சொல்லக் கேட்டேன். பள்ளிக்குப் போகாமலிருக்கிற ஒரு பிள்ளை, உன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட உடனே கேட்ட கேள்வி அது. "அத சாருட்டயே கேளு" என்று சொன்னேன். "திங்கக்கெழம வாறேன். சாரு அன்னைக்கு உண்டுமா?" என்றாள். உண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ அங்கே போவது எதற்கு என்று நான் சொல்லவில்லை.

அவள் பரீட்சை எழுதுவாள் என்று என்னால் சொல்ல முடியாது. எழுதினாலும் கை ஓடும் என்று சொல்ல முடியாது. நீ இங்கேயே இருந்தால் எல்லாம் சரியாகும் என்றும் நான் எழுதவில்லை. கத்தாருக்குப் போவதில் குற்றம் ஒன்றும் இல்லை, உன் அப்பா அங்கேதான் நமக்காக உழைத்தார். ஆனால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்து கேட்கும்போது உன் சட்டைப்பையில் ராஜினாமா இருந்தாலும் இருக்கட்டும், முதலில் அவளுக்குப் பதில் சொல். உள்ளது உள்ளபடி சொல். மற்ற பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் சொல். அப்புறம் தலைமையாசிரியர் அறைக்குப் போவதா, வகுப்புக்குப் போவதா என்று நீ முடிவு செய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. இன்றைக்காவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் தேங்காய்ப்பட்டணம் வருகிற வரைக்கும் ஒரே ஒரு விஷயம் என்னைப் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை வந்து எத்தனையோ வருஷமாயிற்று. இது வந்தது. அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு. இந்தத் தாளை வைத்துவிட்டு நான் போய்விட மாட்டேன், நீ படித்து முடிக்கிற வரைக்கும் உன் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மக்கா, அன்றைக்கு அந்தத் தாளில் உன்னிடம் முதலில் என்னதான் கேட்டிருந்தார்கள்?

அம்மா